அந்த றேடியோ யாருடையது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சோனகத் தெருவில் இருந்தாலும், பொம்மைவெளியில் இருந்தாலும், இன்னும் புத்தளத்திலேயே இருந்தாலும் எங்கள் ஆட்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களும் வாசியுங்கள். உங்கள் கதையும் இதில் வருகிறது.

போன மாதம் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் பாடம் எடுத்தோம். ஆய்வுகூடத்தில் இருந்தது ஒரு சட்டக் காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு கல்வனோமானி. மூன்றும் பழசு. ஆனால் பரடே 1831இல் செய்து பார்த்ததும் ஏறக்குறைய இவ்வளவு சாமானோடுதான்.

காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளினால் முள் ஒரு பக்கம் போகும். வெளியே இழுத்தால் மற்றப் பக்கம் போகும். உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் முள் பூச்சியத்தில் நிற்கும். பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவதுதான் பிடிபடவில்லை.

"சேர், காந்தம் உள்ளுக்குத்தானே இருக்கு. பிறகேன் கறண்ட் வரேல்லை?"

காந்தம் இருப்பது மட்டும் போதாது, சுருளுக்குள்ளால் போகும் காந்தப் பாயம் மாறிக்கொண்டிருக்க வேண்டும், மாறும் வரைக்கும்தான் மின்னோட்டம் என்று சொன்னோம். கொப்பியில் எழுதினார்கள். எழுதுவது வேறு, விளங்குவது வேறு என்று ஆசிரியர் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அதனால் நாளைக்கு யாராவது ஒரு சைக்கிள் தைனமோ கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

இந்தக் காலத்தில் எந்தச் சைக்கிளில் தைனமோ இருக்கிறது? பற்றரி லைட்தான் எல்லாவற்றிலும். அடுத்த நாள் ஒரேயொரு பிள்ளை மட்டும் கொண்டுவந்தாள். பழைய பேப்பரில் சுற்றி, ஷொப்பிங் பையில் போட்டு வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் தைனமோவோடு இரண்டு வயர். வயரின் நுனியில் ஒரு காட்போட் மட்டையில் நான்கு டயோட்டும் ஒரு பெரிய கொள்ளளவியும் ஈயம் உருக்கி ஒட்டியிருந்தன.

"அம்மப்பா இதிலதான் றேடியோ கேட்டவராம், சேர்."

மாமரத்தடியில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். தைனமோவை ரயரில் முட்டவிட்டு ஒரு சின்ன மின்குமிழை வயரில் தொடுத்தோம். ஒரு பையன் பெடலைக் கையால் சுற்ற, குமிழ் எரிந்தது. மெதுவாகச் சுற்ற மங்கியது. விட்டதும் அணைந்தது.

தைனமோவுக்குள் காந்தம்தான் சுழல்கிறது, சுருள் அசையாமல் இருக்கிறது என்பதைக் காட்டினோம். காந்தத்தின் வடக்கும் தெற்கும் மாறி மாறிச் சுருளைக் கடப்பதால் மின்னோட்டமும் திசை மாறி மாறி வருகிறது. அதுதான் ஆடலோட்டம். குமிழுக்குத் திசை பற்றிக் கவலையில்லை. றேடியோவுக்கு அப்படியில்லை, அதற்கு நேரோட்டம் வேண்டும். அந்தக் காட்போட் மட்டையின் வேலை அதுதான். நான்கு டயோட்டும் ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும். கொள்ளளவி ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். தைனமோவில் 6 வோல்ட், 3 வொற் என்று எழுதியிருக்கும். பற்றரி ஒன்று 1.5 வோல்ட். நான்கு பற்றரி போடும் றேடியோவுக்குத் தேவையும் 6 வோல்ட். புத்தகத்தில் நாங்கள் இரண்டு வெவ்வேறு இடத்தில் படிப்பிப்பதை யாரோ ஒருவர் ஒரு மட்டையில் சேர்த்து வைத்திருந்தார்.

பெடல் சுற்றிய பையன் இன்னொன்றும் கண்டுபிடித்தான். வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் லேசாக இருக்கிறது, குமிழைத் தொடுத்தால் பாரமாக இருக்கிறது. லென்சின் விதியை அவன் கையே சொல்லிவிட்டது. தூண்டப்படும் ஓட்டம் தன்னை உண்டாக்கும் அசைவை எதிர்க்கும். வெளிச்சம் சும்மா வராது, சுற்றுகிறவனின் உடம்பிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த உற்சாகத்தில் பாடத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனோம். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றதையும், அந்தத் தசாப்தத்தின் பின்பாதி வரைக்கும் இருட்டில் இருந்ததையும், பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியதையும், மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்கு எரித்துப் படித்ததையும் சொன்னோம். சொல்லிக்கொண்டு போகையில், "அப்ப நாங்கள் இப்பிடித்தான் சைக்கிளைச் சுத்தி நியூஸ் கேட்டது" என்று வந்துவிட்டது.

பின்னால் நின்ற ஒருவன் கேட்டான்.

"சேர், நீங்கள் அப்ப இஞ்ச இல்லையெல்லோ? புத்தளத்திலயெல்லோ?"

அவன் குத்திக் கேட்கவில்லை. அவனுக்குப் பதினாறு வயது, தெரிந்ததைச் சொன்னான். ஆனால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. எங்கள் வகுப்பில் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரும் எங்கள் முகத்தையே பார்த்தார்கள். நல்லவேளையாக மணி அடித்தது.

அவன் சொன்னது சரி. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டோம். எங்கள் வயதுக்காரருக்கு அப்போது ஒன்று, இரண்டு, மூன்று வயது. உம்மாமாரின் இடுப்பில் இருந்து போனோம். பிறகு புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தோம். அங்கேயே படித்து, கல்வியியற் கல்லூரிக்குப் போய், நியமனம் வாங்கிக்கொண்டு உம்மா வாப்பாவின் ஊருக்கு வந்தோம். தைனமோ சுற்றிய ஒரு நாளும் எங்கள் வாழ்க்கையில் இல்லை. பிறகு எந்த உரிமையில் "நாங்கள்" என்று சொன்னோம்?

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டோம். புத்தளத்தில் எங்களிடம் றேடியோ இருந்ததா?

"இல்லாம? உங்கட வாப்பா உப்பளத்துக் கூலியில முதல் வாங்கினதே ஒரு பழைய றேடியோதான். பாய் வாங்கச் சொன்னன், மனிசன் றேடியோ வாங்கிட்டு வந்தார்" என்றார் உம்மா.

யாழ்ப்பாணத்து வீட்டிலும் ஒரு நல்ல றேடியோ இருந்ததாம். வெளியேறிய அன்று வாப்பா அதைக் கையில் எடுத்திருக்கிறார். கொண்டுபோக விடவில்லை. அதனால்தான் அந்த அவசரம். புத்தளத்தில் பற்றரிக்குத் தடை இல்லை, காசுதான் இல்லை. பற்றரி இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து ஒரு நாள் இரண்டு நாள் இழுப்பார்கள். நோன்புப் பிறை கண்டார்களா என்று அறிவதும் அந்த றேடியோவில்தான். எட்டு வீட்டுக்காரர் எங்கள் கொட்டில் வாசலில் இருந்து இரவில் தமிழோசை கேட்பார்களாம். யாழ்ப்பாணத்துச் செய்தி என்றால் குழந்தைகளின் வாயைப் பொத்துவார்களாம். செய்தி முடிந்ததும் உம்மம்மா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பாவாம்.

"எங்கட தெருவைப் பத்தி ஏதும் சொன்னானா?"

சொல்ல மாட்டார்கள். அவ மௌத்தாகும் வரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அலைகள் பாடத்தைத் திரும்ப எடுத்தோம். கரும்பலகையில் இலங்கைப் படம் வரைந்து இரண்டு புள்ளி வைத்தோம். ஒன்று யாழ்ப்பாணம், மற்றது புத்தளம். நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர். மேலே ஒரு கோடு கீறி அயன மண்டலம் என்று எழுதினோம். சிற்றலையில் வரும் ஒலிபரப்பு எங்கோ தொலைவில் ஒரு கோபுரத்திலிருந்து புறப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் உள்ள இந்த மண்டலத்தால் திருப்பப்பட்டுத் தரைக்கு வருகிறது. நிலத்தில் எங்கே காவலரண் இருக்கிறது, எங்கே பாதை மூடியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

கணக்கும் செய்தோம். அலையின் கதி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். அலைநீளம் 31 மீற்றர் என்றால் மீடிறன் எவ்வளவு? கதியை அலைநீளத்தால் வகுத்தால் ஏறத்தாழ 9.7 மெகாஹேர்ட்ஸ். பழைய றேடியோக்களின் அளவுப் பலகையில் 31 என்று எழுதியிருப்பது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரையான 180 கிலோமீற்றரைக் கடக்க ஓர் அலைக்கு எவ்வளவு நேரம்? 0.0006 செக்கன். எங்கள் குடும்பத்துக்கு அதே தூரம் திரும்பி வர 20 வருடம் பிடித்தது. இதையும் பலகையில் எழுதினோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னோம். "தம்பி, நீர் நேற்றுக் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் தைனமோ சுத்தேல்லை. உம்மட அப்பா அம்மா பட்ட கஷ்டத்தை நாங்கள் பட்டதெண்டு சொல்ல ஏலாது. அது பிழை. ஆனா உங்கட ஆக்கள் இஞ்ச சைக்கிளைச் சுத்திக் கேட்ட அதே நியூஸை, அதே நேரத்தில எங்கட ஆக்கள் அங்க வெயிலில காயவைச்ச பற்றரியில கேட்டவை. ரெண்டு பேருக்கும் ஒரே அலைதான் வந்தது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்ல உரிமை."

அவன் "ஓம் சேர்" என்றான். நாங்களும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தைனமோவைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அம்மப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எண்பது தாண்டிய மனிதர். தேத்தண்ணி தந்தார்கள். தைனமோ எப்படி வேலை செய்தது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்றெல்லாம் விசாரித்தார். வேகமாகச் சுற்றினால் வோல்ட் கூடி றேடியோ பழுதாகும், அதனால் பெரிய பொடியன்களைச் சுற்ற விடமாட்டேன், பேத்தியின் தாயைத்தான் சுற்ற விடுவேன், அவளுக்கு அப்போது பத்து வயது என்று சொன்னார். டயோட்டெல்லாம் பழுதான ஒரு ரிவியிலிருந்து கழற்றியதாம்.

பிறகு பேத்தியை உள்ளே அனுப்பினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"மாஸ்ரர், நீங்கள் சோனகத் தெரு ஆக்களோ?"

"ஓம் ஐயா."

எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பழைய நஷனல் றேடியோ. மூன்று பாண்ட், நான்கு பெரிய பற்றரி போடுவது. எங்கள் மடியில் வைத்தார். திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்மூடியில் ஆணியாலோ எதாலோ கீறி 786 என்று எழுதியிருந்தது.

"வாங்கினனான் மாஸ்ரர். களவெடுக்கேல்லை. உங்கட ஆக்கள் போன பிறகு சாமான்கள் வித்தவை. மலிவாத் தந்தவை. ஆனா ஆற்றையோ எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். பின்னால இதைப் பாத்திட்டும்தான் வாங்கினனான்."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அஞ்சு வருசம் ஊரே இதிலதான் நியூஸ் கேட்டது. இந்த விறாந்தையில முப்பது நாப்பது பேர் இருப்பினம். ஒவ்வொரு நாளும் மூடியைக் கழட்டேக்க இந்த எழுத்துத் தெரியும். பிறகு 95இல நாங்களும் இடம்பெயர்ந்தம். ஒரு உடுப்புப் பையும் இந்த றேடியோவும்தான் கொண்டு போனது. சாவகச்சேரிக்குப் போற வழியில மழைக்குள்ள நிண்டு யோசிச்சன். அதுக்குப் பிறகு இதைப் போடேல்லை. எறியவும் மனமில்லை. குடுக்கவும் ஆளில்லை."

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. "பரவாயில்லை ஐயா" என்று சொல்ல அந்த றேடியோ எங்களுடையதில்லை. மன்னிக்கிற உரிமை உரியவருக்குத்தான். கோபப்படவும் முடியவில்லை. யாரும் கேட்காமல் தானாக எடுத்து வந்து மடியில் வைத்த மனிதர் அவர். கடைசியில், "இது எங்களிட்ட அமானிதமா இருக்கட்டும் ஐயா. ஆளைத் தேடிப் பாக்கிறம்" என்றோம். அமானிதம் என்றால் என்ன என்று கேட்டார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், உரியவரிடம் சேர்க்கும் வரைக்கும் பாதுகாக்க வேண்டியது என்று சொன்னோம். தலையாட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவிடம் கொடுத்தோம். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பட்டன்களைத் தடவினா. அவ்வளவு நேரமும் எங்களுக்கு மூச்சு ஓடவில்லை.

"எங்கட இல்லை. எங்கடயில பிடி உடைஞ்சு வாப்பா நூல் சுத்தி வைச்சிருந்தார்" என்று சொல்லிவிட்டு, ஒரு துணியை எடுத்துத் தூசு துடைத்து வைத்தா. "பாவம், ஆற்றையோ" என்றா.

பேத்திக்கும் தாய்க்கும் முழுவதும் சொல்லி, அம்மப்பாவின் சம்மதத்தோடுதான் அதை வகுப்புக்குக் கொண்டுபோனோம். இதை எழுதுவதற்கும் அவர் சம்மதம் தந்தார். தன் பெயரையும் போடச் சொன்னார். நாங்கள்தான் போடவில்லை.

பழைய மட்டையில் இருந்த கொள்ளளவி காய்ந்துபோயிருந்தது. டவுனில் ஒன்று வாங்கிப் பிள்ளைகளே மாற்றினார்கள். அதே தைனமோ, அதே டயோட், அதே றேடியோ. கேள்வி கேட்ட பையன் தானாக வந்து பெடலைப் பிடித்தான். முதலில் சிற்றலையில் போட்டோம். தமிழோசை இல்லை. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுவிட்டது. இரைச்சல்தான் வந்தது. மத்திய அலைக்கு மாற்றி மெதுவாகத் திருப்ப, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குரல் விட்டு விட்டு வந்தது. பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தார். அவன் களைத்துக் கையை எடுக்க, குரல் இறங்கி நின்றது. உடனே மற்றவள் பெடலைப் பிடித்தாள். அதற்குப் பிறகு தூண்டல் பற்றி நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று கடைசியாக ஒரு கணக்குக் கொடுத்தோம். நுரைச்சோலை அனல் மின் நிலையம் புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் நடப்பது இதுதான். நிலக்கரியை எரித்து, நீராவியால் ஒரு பெரிய காந்தத்தைச் சுருளுக்குள் செக்கனுக்கு 50 தடவை சுற்றுகிறார்கள். அதனால்தான் எங்கள் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் முழுக் கொள்ளளவு 900 மெகாவொற். எத்தனை சைக்கிள் தைனமோவுக்குச் சமன்? 30 கோடி என்று கணித்தார்கள். இன்று எங்கள் வகுப்பில் சுற்றும் மின்விசிறிக்கு வரும் மின்சாரத்திலும் அந்தப் புத்தளத்து நிலையத்தின் பங்கு இருக்கிறது. எங்களை வளர்த்த மண் இப்போது யாழ்ப்பாணத்துக்கும் வெளிச்சம் தருகிறது என்று சொன்னபோது, அங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம்.

இனி வேண்டுகோள்.

அந்த றேடியோ இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. 1990க்கு முன் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் ஆட்களில் யாருடையதோ. பின்மூடியில் 786 என்று கீறியிருக்கிறது. இன்னோர் அடையாளமும் இருக்கிறது, அதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. உங்கள் வாப்பாவுக்கு, மூத்தவர்களுக்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டுங்கள். "எங்கட றேடியோவில இப்பிடி ஒண்டு இருந்தது" என்று யாராவது சொன்னால் இன்பொக்ஸில் எழுதுங்கள். புத்தளத்தில், நீர்கொழும்பில், கொழும்பில் இருக்கும் சொந்தங்களுக்கும் பகிருங்கள். உரியவர் மௌத்தாகியிருந்தால் பிள்ளைகள் வரலாம்.

யாழ்ப்பாணத்து உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஏதாவது ஒரு பொருள் உங்கள் வீட்டு மூலையிலும் இருக்கலாம். ஒரு தையல் மெசின், ஓர் அலுமாரி, ஒரு கதவு. நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். இது இன்னாருடையதாக இருக்கலாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஐயா அதைச் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. சொன்ன பிறகு வாசல்வரைக்கும் வந்து, "இண்டைக்கு நித்திரை வரும் மாஸ்ரர்" என்றார்.

உரியவர் கிடைக்கும் வரைக்கும் வருடத்துக்கு ஒரு தடவை, இந்தப் பாடம் வரும்போது, பிள்ளைகள் பெடலைச் சுற்றி அதைப் பாட வைப்பார்கள். அதற்கு அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

வஸ்ஸலாம்.